ரெண்டாயிரம் ரூபாய் போர்பன் தேறுமா?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். குடித்து விட்டவர்கள் அப்படியே நகர்ந்துவிடுங்கள், அடுத்த தடவை தில்லி வெயிலில் வடாம் போடுவது பற்றி எழுதுகிறேன். மற்றவர்கள் உட்காருங்கள்.

குர்கானுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. 2016இல் குருகிராம் என்று பெயரை மாற்றினார்கள், நம் வாய்க்கு இன்னும் குர்கான்தான். தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் குதுப்மினார், தாஜ்மகாலுக்கு அடுத்தபடியாக ஆம்பிளைகள் மெதுவாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. இங்கே அதற்கு 'டேக்கா' என்று பெயர். (நம் ஊரில் டேக்கா கொடுப்பது வேறு.) டாஸ்மாக் கம்பிக்குள் கையை விட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தே பழகியவர்கள், ஏசி போட்ட கடையில் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடப்பதைப் பார்க்க வேண்டும். சரவணா ஸ்டோர்ஸில் அம்மாக்கள் நடப்பது மாதிரியே இருக்கும்.

அப்படி ஒரு நாள் நடந்தபோது வாங்கியதுதான் ஜிம் பீம் வெள்ளை லேபிள். 750 மில்லி, ரெண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே. கணக்குக்கு வசதியாக 1,900 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல் விமர்சனம் மகளிடமிருந்து வந்தது. "அப்பா, போர்பன்னா பிஸ்கட் இல்லையா?" அவள் சொல்வதும் சரிதான். இந்தியாவில் முக்கால்வாசிப் பேருக்குப் போர்பன் என்றால் நடுவில் சாக்லேட் க்ரீம் வைத்த பிஸ்கட்தான். அந்த பிஸ்கட்டில் ஒரு சொட்டு விஸ்கி கிடையாது. விஸ்கிக்குப் பெயர் கென்டக்கியின் போர்பன் கவுண்டியிலிருந்து வந்ததா, நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவிலிருந்து வந்ததா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் ஆதிமூலம் பிரான்ஸை ஆண்ட போர்பன் ராஜ குடும்பம்தான்.

தங்கமணியின் கேள்வி வேறு மாதிரி. "என்னங்க, போன தடவை வாங்கினது இதுல பாதி விலைதானே? இதுல அப்படி என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. மூன்று மாதமாக இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். போர்பன் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் போடுகிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும், ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் ஆகாது. பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக்கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டால் குறைந்தது ரெண்டு வருஷம் ஊறியிருக்க வேண்டும், கலரோ எசன்ஸோ சேர்க்கவே கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அமெரிக்காவில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். 1964இல் அவர்கள் நாடாளுமன்றமே இது எங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானம் போட்டது. இந்த வெள்ளை லேபிள் பீப்பாயில் இருந்தது நாலு வருஷம். கம்பெனி 2014இலிருந்து ஜப்பான்காரர்கள் கையில். சன்டோரி வாங்கிவிட்டது.

நம் ஊர் விஸ்கிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாதாரண விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த, மணம் குணம் ஒன்றுமில்லாத சாராயம். அதில் கொஞ்சம் மால்ட், கொஞ்சம் மேலான வகையென்றால் கொஞ்சம் ஸ்காட்ச். எவ்வளவு கொஞ்சம் என்று லேபிளில் தேடினால் கிடைக்காது. கழிவுப்பாகுச் சாராயத்தை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நான் நம் ஊர் சரக்கு மட்டம் என்று சொல்லவில்லை. பெங்களூர் அம்ருத் 2004இல் கிளாஸ்கோவிலேயே போய்த் தன் சிங்கிள் மால்ட்டை இறக்கிய கதையைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்கிறவன் நான். (அதை ஊறவைக்க, போர்பன்காரர்கள் ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய்களும் போகின்றன. பழைய பீப்பாயை அவர்களே மறுபடி பயன்படுத்த முடியாதே, உலகம் முழுக்க விற்றுவிடுகிறார்கள். பாதி ஸ்காட்லாந்து அதில்தான் ஓடுகிறது.) நான் சொல்வது இவ்வளவுதான்: ஆயிரம் ரூபாய் பாட்டிலில் என்ன வாங்குகிறோம் என்று தெரியாது, இந்த 1,900இல் தெரியும்.

சரி, ருசி.

குர்கானில் ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டால் தெரு ஓரமெல்லாம் தள்ளுவண்டியில் 'புட்டா' சுடுவார்கள். மக்காச்சோளக் கதிரைக் கரிநெருப்பில் வாட்டி, எலுமிச்சம்பழத்தை உப்புக்காரத்தில் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வந்தது. சோளமும் கரியும்தானே ரெண்டிலும். அதற்குப் பின்னால் வெனிலா. கருகிய ஓக் மரத்திலிருந்து வருவது அது. வெனிலா எசன்ஸில் இருக்கும் அதே வெனிலின். வாயில் வைத்தால் கோவில்பட்டி கடலைமிட்டாய். சத்தியமாக. வேர்க்கடலையும் பாகும். இது வரை எல்லாம் பிரமாதம்.

அதற்கப்புறம் ஆள் காணாமல் போய்விடுகிறார். விழுங்கியதும் நாக்கில் ஒரு பச்சை மரத்தூள் கசப்பு, தொண்டையில் சுருக்கென்று ஒரு எரிச்சல், அவ்வளவுதான். நல்ல விஸ்கி என்றால் விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். இது கை கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடும். ஐஸ் போட்டால் அந்தக் கடலைமிட்டாயும் போய்விடுகிறது. ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி இனிப்பு மேலே வருகிறது, எனக்குப் பிடித்த பதம் அதுதான். ஆனால் ஜூன் மாதம் 44 டிகிரியில் ஐஸ் இல்லாமல் குடி என்று யாராவது சொன்னால் அவரை இங்கே ஒரு வாரம் அழைத்து வைத்துக்கொள்ளத் தயார்.

கோலாவில் கலக்கலாமா என்றால் கலக்கலாம், ஆனால் அதற்கு எதற்கு 1,900? வேண்டுமானால் இப்படிச் செய்து பாருங்கள். உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிய பாகு அரைத் தேக்கரண்டி, 60 மில்லி போர்பன், ஒரு பெரிய ஐஸ், மேலே ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போடுங்கள். பார்காரர்கள் வெள்ளைச் சர்க்கரை போட்டு 'ஓல்ட் ஃபேஷன்ட்' என்று வேறு விலைக்கு விற்பதன் ஒன்றுவிட்ட தம்பி இது. கருப்பட்டியின் புகை வாசனை இதற்கென்றே பிறந்த மாதிரி சேருகிறது.

தங்கமணி கேள்விக்கு இதெல்லாம் பதில் ஆகாது என்பதால் ஒரு சோதனை வைத்தோம். மூன்று எவர்சில்வர் டம்ளர், அடியில் ரப்பர் பேண்ட். ஒன்றில் இந்தப் போர்பன். இன்னொன்றில் பாதி விலை இந்திய விஸ்கி. மூன்றாவதில் இதைப்போல் ரெண்டரை மடங்கு விலையுள்ள 12 வருஷ ஸ்காட்ச் மால்ட். தங்கமணி சமையலறையில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க நானும், கீழ் வீட்டு வங்காளி தாதாவும், ஆபீஸ் நண்பன் ஒருவனும். நாகர்கோவில்காரன், வாரத்தில் ஒரு நாள் தொட்டால் அதிகம்.

நாகர்கோவில்காரன் முதல் மோப்பத்திலேயே சொல்லிவிட்டான். "மக்கா, இது சோளம்லா!" தாதாவும் போர்பனைச் சரியாகச் சொன்னார். நானும் சொன்னேன், அதில் பெருமை ஒன்றுமில்லை, மூன்று வாரமாக அதைத்தானே குடிக்கிறேன்.

அடுத்ததில்தான் மானம் போனது. மீதி ரெண்டில் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, "இதுதான் மால்ட். தேன், உலர்ந்த திராட்சை, எவ்வளவு நேரம் நிற்கிறது பாருங்கள்" என்று பிரசங்கம் செய்தேன். தங்கமணி ரப்பர் பேண்டை எடுத்துக்காட்டினாள். பாதி விலை இந்தியன்! தாதாவும் அதே தப்பைச் செய்தார் என்பது ஒரே ஆறுதல். டம்ளர் எவர்சில்வர் என்பதால் வாசனை சரியாக வரவில்லை என்று அவர் வாதாடினார். நான் அந்த வாதத்தில் சேர்ந்துகொள்ள நினைத்து, மானம் கருதிச் சும்மா இருந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் என் அபிப்பிராயம் அன்றைக்குத்தான் உறுதியானது. எத்தனையோ வருஷமாக, ஊருக்குப் போகும்போதும் மேலதிகாரி வீட்டு விருந்துக்கும் அந்த மால்ட்டைத்தான் வாங்கியிருக்கிறேன். என் நாக்கு கண்டுபிடிக்காத ஒன்றுக்கு என் பர்ஸ் காசு கட்டியிருக்கிறது. போர்பன் பெரிய சரக்கு இல்லை, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்கு அது யார் என்று தெரிகிறது. எனக்குத் தெரியும் வித்தியாசத்துக்குக் கூடுதலாகத் தொள்ளாயிரம் கொடுப்பேன். தெரியாத வித்தியாசத்துக்கு மூவாயிரம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். உங்கள் நாக்கு என்னுடையதைவிடக் கெட்டியாக இருக்கலாம். நாலு பேரைக் கூட்டி டம்ளர் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

இந்தத் தீர்ப்பு குர்கானுக்கு மட்டும்தான் செல்லும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது குடிக்கும் மதுவை அதில் சேர்க்கவில்லை. மது மாநிலங்களின் அதிகாரம், அதனால் மாநிலத்துக்கு மாநிலம் வரி. மகாராஷ்டிரம் வெளிநாட்டு ஸ்காட்சுக்கு 300 சதவீத ஆயத்தீர்வை வைத்திருந்து, 2021 நவம்பரில்தான் 150ஆகக் குறைத்தது. பெங்களூரில் இருக்கும் என் தம்பி இதே பாட்டிலுக்குக் கொடுத்த விலையைக் கேட்டபோது, "அந்தக் காசுக்கு உள்ளூர் மால்ட்டுக்குப் போயிருக்கலாமேடா" என்றுதான் சொன்னேன். அங்கே இருப்பவர்களுக்கு இன்றும் அதே பதில்தான்.

2025 பிப்ரவரியில் மத்திய அரசு போர்பனுக்கு மட்டும் சுங்க வரியை 150இலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தபோது ஆபீஸ் வாட்ஸப்பில் ஒரே கொண்டாட்டம், பாட்டில் விலை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று. அது அப்படி வேலை செய்யாது. சுங்க வரி கடையின் விலை மேல் அல்ல, கப்பலில் வந்து இறங்கும் விலை மேல். ஒரு பேச்சுக்குப் பாட்டில் 300 ரூபாய்க்கு இறங்குகிறது என்று வையுங்கள். முன்பு வரி 450, பிறகு 300. மிச்சம் 150. அதற்கு மேல் மாநில வரி, இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு இருநூறு குறைந்தால் பெரிய விஷயம். அமெரிக்காவில் பதினைந்து, இருபது டாலருக்கு, அங்கே சுமாரான சம்பளக்காரர் யோசிக்காமல் எடுத்துப்போகும் பாட்டில் இது. நாம் இதற்கு ஒரு சோதனைக் குழு அமைக்க வேண்டியிருக்கிறது.

ஊருக்குப் பரிசாக எடுத்துப்போகலாமா? எடுத்துப்போனேன். தஞ்சாவூரில் மாமா, ரிட்டயர்டு. ஒவ்வொரு வருஷமும் ஸ்காட்ச் எதிர்பார்ப்பவர். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். "என்னடா மாப்ள, கேக்குக்கு ஊத்தற எசன்ஸ் வாசன அடிக்குது? நீ ஏமாந்துட்ட." செவன் அப் கலந்து ரெண்டு பெக் போட்டுவிட்டு, மீதியை ஷோகேஸில் அடுத்த மாப்பிள்ளைக்கு வைத்துவிட்டார். பரிசாகக் கொடுக்கும்போது விலை, ருசி எதுவும் எடுபடாது. பெட்டியும் பெயரும்தான். அதனால் அதற்கு மட்டும் ஸ்காட்சே வாங்குங்கள்.

இனி தங்கமணிக் கணக்கு. உண்மையில் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

விலை கொஞ்சம் கூடின பாட்டில் வாங்கினால் நிதானமாகக் குடிப்போம், நாள் கணக்காக வரும், கடைசியில் மலிவாக முடியும் என்பது என் வாதம். நண்பர்கள் பலரும் வீட்டில் சொல்லும் வாதம். வாரம் ரெண்டே நாள், நாளுக்கு 60 மில்லி. பாட்டில் ஆறு வாரம். சோதனைக்கு மூன்று பேருக்கு ஊற்றிய 90 மில்லியைக் கழித்தால் ஐந்தரை வாரம், 38 நாள்.

எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். அதே காலண்டரில், சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, பாட்டில் திறந்த தேதியையும் காலியான தேதியையும் அவள் குறித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. போர்பன் 23 நாள். அதற்கு முன்னால் வாங்கிய பாதி விலை பாட்டில் 26 நாள்.

விலை கூடினது சீக்கிரம் தீர்ந்திருக்கிறது. வெள்ளி, சனி மட்டும் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த கணக்கில், எட்டு ஒன்பது சின்ன பெக் எங்கே போனது என்று தெரியவில்லை. புதன்கிழமை கிரிக்கெட்டுக்கு ஒன்று, கருப்பட்டிப் பாகு பதம் பார்க்க ஒன்று, எழுதுவதற்காக 'ருசி பார்த்தது' ரெண்டு மூன்று. ருசி நன்றாக இருந்தால் மெதுவாகக் குடிப்போம் என்று யார் சொன்னது? நன்றாக இருக்கும் முறுக்கு மெதுவாகவா தீர்கிறது?

அவள் சண்டை போடவில்லை. காலண்டரைக் காட்டினாள், அவ்வளவுதான். எங்கள் அப்பா எவ்வளவு குடித்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா பாட்டிலைப் பார்த்தால் சண்டை, அதனால் அவர் மோட்டார் ரூமில் ஒளித்துவைத்தார். ஒளித்துவைத்ததால் அவருக்கே அளவு தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரியில் டாக்டர் "தினம் எவ்வளவு?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் பொய் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவர் கணக்கில் அவ்வளவுதான் இருந்திருக்கும். நான் பாட்டிலை ஹாலில், மகள் கண் முன்னால் வைத்திருப்பதே அதனால்தான். ஹாலில் வைத்தும் எட்டு பெக் கணக்கில் வரவில்லை என்றால், மோட்டார் ரூமில் எத்தனை வராமல் போயிருக்கும்?

ஆகவே விலைக்குத் தகுமா என்ற கேள்விக்கு என் பதில் திருத்தப்படுகிறது. 1,900 ரூபாயில் இருபத்தைந்து சின்ன பெக், பெக் 76 ரூபாய், அந்தக் கணக்கில் தாராளமாகத் தகும். மாதக் கணக்கில் பார்த்தால், 23 நாளைக்கு ஒரு பாட்டில் என்றால் மாதம் ரெண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம், அந்தக் கணக்கில் தகாது. ரெண்டு கணக்கில் எது சரி என்பது கென்டக்கிக்காரன் கையில் இல்லை.

ரெண்டாவது பாட்டில் வாங்கினேன். இந்தத் தடவை ஊற்றுவது மகளின் காய்ச்சல் மருந்து பாட்டிலோடு வந்த அளவு மூடியில், 15 மில்லிக் கோடு போட்டது. ரெண்டு மூடி ஒரு பெக். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, தாதா சிரிக்கிறார். காலண்டரில் தேதியை நானே எழுதினேன்.

இன்றோடு முப்பத்து மூன்று நாள். பாட்டிலில் இன்னும் மூன்று விரல்கடை இருக்கிறது.